கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஒரு ஸ்பானிய மொழிக் குடிமீட்புக் கூட்டம்

கிடங்கில் என்னோடு வேலை செய்யும் மெக்சிகோ நண்பருக்குத் (மிச்சோவாகான் மாநிலத்தவர்) துணையாக மூன்று வாரமாக இந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். கட்டணம் இல்லை. யாரும் அடையாள ஆவணம் கேட்பதில்லை. விசா இல்லாதவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

ஊரில் திருவிழாவுக்கு மட்டும் குடித்தவர் அவர். இங்கே எட்டுப் பேர் ஒரே வீட்டில், மனைவி மக்கள் தொலைவில், வாரக் கூலி கையில். பீர் தினசரி ஆகிவிட்டது. ஆய்வுகளும் இந்நாட்டு வாழ்க்கையோடு குடியைத் தொடர்புபடுத்துகின்றன: மெக்சிகோவிலிருந்து பெரியவர்களாக வந்தவர்களைவிட, சிறுவயதில் வந்தவர்களுக்கும் அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிகோ வம்சாவளியினருக்கும் குடி, போதைச் சிக்கல்கள் அதிகம். பெண்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. குவாதலூப்பே மாதா முன் இத்தனை மாதம் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வது மெக்சிகோ வழக்கம், ஹுராமெந்தோ என்பார்கள். நண்பர் ஆறு மாதம் காப்பாற்றி, கெடு முடிந்த அன்றே குடித்தவர். முன்பு போன ஒரு மருத்துவமனையில் இதைச் சொன்னதும் பேச்சை மாற்றிவிட்டார்களாம். இங்கே ஒரு பெரியவர், "மகனே, சத்தியம் முடிகிற அன்று சாயங்காலம் எங்கே இருப்பாய்?" என்று கேட்டார். அப்புறம் தன் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தார்.

குறையும் உண்டு. இருபது பேரில் பெண்கள் இரண்டே பேர். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்தால் இன்னும் பலர் வருவார்கள். நடத்துபவர்களிடம் கேட்டிருக்கிறேன்.