தென்காசில மூணு நாள் காய்ச்சலும் ஒரு அஞ்சு மில்லி சிரிஞ்சும்

ஸ்டட்கார்ட்ல இருந்து கிளம்பும்போது டயப்பர், கொசு க்ரீம், பிஸ்கட்டுன்னு ஒரு பெட்டி நிறைய அடைச்சோம், காய்ச்சல் மருந்து மட்டும் வைக்கல. ஊர்லதான் தெருவுக்கு ரெண்டு மெடிக்கல் இருக்கே, அங்க போய் பாத்துக்கலாம்னு ஒரு தெனாவெட்டு.

தென்காசி எங்க ஆச்சி வீடு. நல்ல சாரல் நேரம். போன நாலாவது நாள் ஐந்தருவிக்குப் போயிட்டு வந்தோம், ரெண்டரை வயசு பாப்பா தண்ணில இறங்கவே இல்ல, தூரத்துல நின்னு சாரல்ல லேசா நனைஞ்சதோட சரி, ஆனா ராத்திரி 102 அடிச்சதும் மொத்தப் பழியும் அருவி மேல விழுந்துருச்சு. பிளைட்ல பக்கத்து சீட்டுக்காரர் சென்னை வரைக்கும் இருமிக்கிட்டே வந்தத யாரும் கணக்குல எடுக்கல.

முதல்ல நல்லத சொல்லிடறேன். காலைல போன் பண்ணி டோக்கன், சாயங்காலம் டாக்டர், அடுத்த அஞ்சு நிமிசத்துல மருந்து கையில. ஃபீஸ் முந்நூறு, மருந்து இருநூத்தி எண்பது. அதுவும் ஞாயித்துக்கிழமை! ஜெர்மனில ஞாயிறுன்னா அன்னைக்கு டியூட்டில இருக்கற மெடிக்கல தேடி பஸ் ஏறணும், பூட்டுன கதவுல ஒரு சின்ன ஜன்னல் வழியா குடுப்பாங்க, அதுக்கு தனியா ரெண்டரை யூரோ. பிள்ளைங்களுக்கு டாக்டர் எழுதித் தந்த மருந்து பெரும்பாலும் இன்சூரன்ஸ்லயே வந்துரும், அது வேற விசயம். வேகம்னா நம்ம ஊர்தான்.

ஆனா வேகத்துல ஒரு கோளாறு இருக்கு. டாக்டர் எடை பாத்தாரு, 12 கிலோ, அஞ்சு மில்லில 120 மில்லிகிராம் இருக்கற பாராசிட்டமால் சிரப், ஏழரை மில்லின்னு எழுதினாரு. ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம்ங்கற கணக்குக்கு அது கரெக்ட். மெடிக்கல்ல கவர்ல போட்டு நீட்டிட்டாங்க, நானும் வாங்கிட்டு வந்துட்டேன். வீட்ல வந்து கண்ணாடி போட்டு லேபிள் பாத்தா அஞ்சு மில்லில 250ன்னு இருக்கு. டாக்டர் எழுதினது அஞ்சு மில்லில 120. அவர் சொன்ன ஏழரை மில்லிய இந்த பாட்டில்ல இருந்து ஊத்திருந்தா ரெண்டு மடங்குக்கு மேல போயிருக்கும். அளவு என்னமோ மூணரை மில்லிதான். திரும்பப் போய் கேட்டா கவுண்டர்ல நின்ன பையன், "ரெண்டும் ஒரே மருந்துதான்க்கா, 120 ஸ்டாக் இல்ல"ங்கறான். மருந்து ஒண்ணுதான்ப்பா, அளவு ஒண்ணா? அதையும் கவர் மேல எழுதித் தரலாம்ல? அவன் சண்டை போடல, பாவம், உள்ள பெரியவர்ட்ட கேட்டு பேனாவால 3.5ன்னு எழுதிக் குடுத்தான். கூடவே சளிக்கு ஒரு சிரப் எடுத்து வச்சான், திருப்பிப் பாத்தா குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேந்தது, நாலு வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதுன்னு 2023லயே மத்திய அரசு சொன்ன கலவை. 2025ல மத்தியப் பிரதேசத்துல சிந்துவாராவுல இருமல் மருந்து குடிச்சு அத்தனை பிள்ளைங்க போனதுக்கு அப்புறம் எனக்கு சளி சிரப்புன்னாலே வயித்தக் கலக்குது. வேண்டாம்னுட்டேன்.

சரி மருந்து வந்தாச்சு, உள்ள போகணுமே. இதுக்கு டாக்டரும் ஒண்ணும் சொல்லல, கடையிலயும் ஒண்ணும் சொல்லல. பாட்டில் மூடில 2.5, 5ன்னு கோடு இருக்கு, மூணரைய எங்க போய் பாக்க? பாதி மூடிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. முதல் டோஸ் என் சுடிதார்ல, ரெண்டாவது தலையணையில, ஜர்மன்ல "நைன் நைன்"னு, அதாவது வேண்டாம் வேண்டாம்னு கத்துறா, ஆச்சிக்கு நைன்னா என்னன்னு புரியல, "ஒம்பதா? எதுக்கு ஒம்பதுங்கா?"ன்னு கேக்காங்க.

அப்புறம் ஆச்சி களத்துல இறங்கிட்டாங்க. பூஜை ரூம் மாடத்துல இருந்து சங்க எடுத்தாங்க. எங்கம்மாவுக்கு, எனக்கு, என் தம்பிக்கு எல்லாம் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் இழைச்ச உரைமருந்து ஊத்துன பால் சங்கு, மூக்கு நசுங்கிப் போயிருக்கு. பாப்பாவ மடில குறுக்கப் போட்டு, அத்தை கால, எங்கம்மா கைய, ஆச்சி மூக்கப் பிடிச்சு, வாயத் திறந்த நேரம் சங்க உள்ள விட்டாச்சு. அழுகையோட சேத்து மருந்து உள்ள போக, புரை ஏறி, முகம் செவந்து, மூச்சு ஒரு நிமிசம் வராத மாதிரி... ஒரு நிமிசம்லாம் இருக்காது, எனக்கு அப்படி இருந்துச்சு. நான் போட்ட சத்தத்துல தெருவுல போன தயிர்க்காரம்மா உள்ள வந்து பாத்தாங்க.

"நாங்கல்லாம் பிள்ள வளக்கலயா"ன்னு ஆச்சிக்கு ஒரு வருத்தம். வளத்தாங்கதான். ஆனா அது மூணு மாசக் குழந்தை, இது எதுத்து சண்டை போடற ரெண்டரை வயசு, அழும்போது மூக்கப் பொத்தி ஊத்துனா மூச்சுக்குழாய்க்குப் போயிரலாம். ஜெர்மனில மருந்து பெட்டிக்குள்ளயே ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்ச் இருக்கும், கன்னத்து ஓரமா விட்டு அரை மில்லி அரை மில்லியா தள்ளணும், முழுங்க விட்டு அடுத்தது. இங்க அது கேட்டு நாலு கடை ஏறுனேன், ஃபில்லர்தான் இருக்குன்னாங்க. கடைசில ஒருத்தர், "ஊசி போடற அஞ்சு மில்லி சிரிஞ்ச் இருக்கும்மா, ஊசிய கழட்டிட்டுத் தரவா"ன்னாரு. பத்து ரூபா. இந்த யோசனை எனக்கே வரல பாருங்க.

சந்தோசமா வீட்டுக்கு வந்து கவரப் பிரிச்சா பாப்பா கட்டிலுக்கு அடியில. முந்தின நாள் கிளினிக்ல பக்கத்துப் பையனுக்கு ஊசி போட்டத வாய் திறந்து பாத்துட்டு இருந்தா, அது ஞாபகம் வந்துருச்சு. மருந்த தூர வச்சிட்டு சிரிஞ்ச்ல வெறும் தண்ணி எடுத்து அவ கையிலயே குடுத்தேன். முதல்ல தொடல. அப்புறம் தரையில பீச்சுனா, பூனை மேல பீச்சுனா, அடுத்து ஆச்சி. ஆச்சி என்ன நினைச்சாங்களோ, வாயில இருந்த வெத்தலைய துப்பிட்டு வந்து சம்மணம் போட்டு உக்காந்து ஆன்னு வாயத் தொறந்தாங்க. அவ்வளவுதான். ஆச்சிக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு, ஆச்சிக்குத் தண்ணி, பாப்பாவுக்கு மருந்து. மூணரை மில்லி உள்ள போக கால் மணி நேரம் ஆச்சு, ஆச்சி அரை டம்ளர் தண்ணி குடிச்சிட்டாங்க.

ரெண்டாம் நாள் ராத்திரி குடுத்த பத்தாவது நிமிசம் மொத்தமும் வாந்தி. அரை மணிக்குள்ள எடுத்தா திரும்பக் குடுக்கலாம்னு எங்க ஊர் டாக்டர் சொல்லிருக்காரு, ஆனா குடுத்தா அதுவும் வெளிய வந்துரும் போல இருந்துச்சு. வீட்டுக்காரர் பைக்க எடுத்துட்டுப் போய் சப்போசிட்டரி, அதாவது ஆசனவாய்ல வைக்கற மருந்து கேட்டாரு, மூணாவது கடையில ஃபிரிட்ஜ்ல இருந்து 170 மில்லிகிராம் எடுத்துத் தந்தாங்க, 12 கிலோவுக்கு சரியா வரும். ஜெர்மனில சின்னப் பிள்ளைங்க காய்ச்சலுக்கு நிறைய வீட்ல இதுதான் முதல் மருந்து. இங்க அத்தை, "கீழயா? மருந்த கீழயா வைக்கச் சொல்லுதாங்க?"ன்னு முந்தானைய வச்சு வாயப் பொத்திக்கிட்டாங்க. வச்சு முக்கால் மணி நேரத்துல வேர்த்துச்சு, தூங்கிட்டா. இதையும் ஒரு டோஸ்னுதான் கணக்கு வைக்கணும், மேல சிரப்பும் ஊத்திறக்கூடாதுன்னு காலண்டர்ல மணி எழுதி வச்சேன்.

முதல் நாள் டாக்டர் ஆன்டிபயாட்டிக் பவுடரும் எழுதிருந்தாரு. இப்பவே வேணுமான்னு கேட்டதுக்கு, "ஃபாரின்ல இருந்து வாறவங்க எல்லாரும் இதத்தான் கேக்கீங்க"ன்னு சிரிச்சாரு, ஆனா கோவிக்கல, ரெண்டு நாள் பாருங்கன்னாரு. கலக்கவே வேண்டி வரல, மூணாம் நாள் காலைல பாப்பா தோசை கேட்டா. தண்ணியக் கலந்தா ஏழு நாள்தான் தாங்கும், பவுடரா இருந்தா இருக்கட்டும்னு பாட்டில கடையிலயே திருப்பிக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க, இது ஜெர்மனில நடக்கவே நடக்காது.

சிரிஞ்ச ஊர்லயே விட்டுட்டு வந்துட்டேன். போன வாரம் போன்ல கேட்டா அத அத்தை தையல் மெஷினுக்கு எண்ணெய் விட எடுத்துக்கிட்டாங்களாம், ஆச்சிக்குக் கோவம், "பிள்ள மருந்துக்கு வச்சிருந்தது"ன்னு.