குளிர்கால யெல்லோஸ்டோன்: ஸ்னோகோச்சா, ஸ்னோமொபைலா, ஸ்கீயா, லமார் பள்ளத்தாக்கா?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் குளிர்காலத்தில் போகலாமா என்று கேட்டால், கண்டிப்பாகப் போங்கள் என்பேன். ஆனால் கோடையில் பார்த்த யெல்லோஸ்டோனை மறந்துவிட்டுத் திட்டம் போட வேண்டும். நவம்பர் தொடக்கத்திலேயே பூங்காவின் பெரும்பாலான சாலைகளைக் கார்களுக்கு மூடிவிடுவார்கள். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை அந்தச் சாலைகளின் மேல் விழுந்த பனியைச் சமன்செய்து, பனியில் ஓடும் வண்டிகளை மட்டும் விடுவார்கள். ஆண்டு முழுக்கக் கார் ஓடும் பாதை வடக்கே ஒன்றே ஒன்றுதான்: மொன்டானாவின் கார்டினர் ஊரில் நுழைந்து, பூங்காவுக்குள் இருக்கும் மேமத், டவர், லமார் பள்ளத்தாக்கு ஆகிய இடங்கள் வழியாகக் குக் சிட்டி ஊர் வரை. ஆகவே எதில் போகிறீர்கள் என்பதே என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துவிடும்.

இருக்கும் வழிகள் நான்கு. சொந்தக் காரில் லமாருக்குப் போய் விலங்குகளைப் பார்ப்பது, பனியில் ஓடும் வேனான ஸ்னோகோச்சில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற பீச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றுக்குப் போவது, அதே இடத்துக்குப் பனியில் ஓடும் பைக் போன்ற ஸ்னோமொபைலில் போவது, அங்கே தங்கி ஸ்கீ என்ற சறுக்குப் பலகையோ, பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலமான ஸ்னோஷூவோ மாட்டிக்கொண்டு சுற்றுவது. என் ஓட்டு லமாருக்கு, இரண்டாவது ஸ்கீக்கு. பலரும் முதலில் விசாரிக்கும் ஸ்னோமொபைலை நான் கடைசியில் வைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

லமாரில் ஓநாய்தான் முதல் ஈர்ப்பு. பூங்காவின் கடைசி ஓநாய்களை 1926-இல் கொன்று தீர்த்தார்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டு ஓநாயே இல்லாத யெல்லோஸ்டோன். 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து மொத்தம் 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது பூங்காவுக்குள் நூறையொட்டி இருக்கின்றன. ஒரு தவறைத் திருத்துவதற்கு இவ்வளவு பெரிய முயற்சி எடுத்து, அது பலித்த இடம் உலகத்தில் அதிகம் இல்லை. அதைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

குளிர்காலம் அதற்கு ஏற்ற பருவம். பனி ஏற ஏற எல்க் மான்கள் உயரமான இடங்களை விட்டுக் கீழே இறங்கும், ஓநாய்களும் கூடவே வரும். வெள்ளைத் தரையில் கறுப்பு ஓநாய் ஒரு மைலுக்கு அப்பால்கூடத் தெரியும். இங்குள்ள ஓநாய்களில் பாதிக்கு மேல் சாம்பல் நிறம் இருக்கும் என்று நினைத்துத் தேடாதீர்கள், கறுப்பும் ஏராளம். பிப்ரவரி அவை இணை சேரும் காலம் என்பதால் ஊளையும் நடமாட்டமும் கூடும். கரடிகள் பெரும்பாலும் குகைக்குள் உறங்கிக்கொண்டிருக்கும், அவற்றை இந்தப் பருவத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். ஜனவரியில் எட்டு மணி வாக்கில்தான் விடியும். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கார்டினரிலிருந்து கிளம்பிவிடுங்கள். டவரைத் தாண்டியதும் சாலையோர நிறுத்தங்களில் முக்காலியில் ஸ்கோப் என்ற தொலைநோக்கியை மாட்டி நாலைந்து பேர் நின்றால், நீங்களும் அந்த நிறுத்தத்தில் ஒதுங்குங்கள். நடுச்சாலையில் வண்டியை நிறுத்தக் கூடாது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, என்ன தெரிகிறது என்று மெதுவாகக் கேளுங்கள். வருடக்கணக்காக அந்த ஓநாய்க் கூட்டங்களைக் கவனித்துவரும் ஆட்கள் அங்கே இருப்பார்கள். கேட்டால் பெரும்பாலும் தங்கள் ஸ்கோப்பிலேயே பார்க்க விடுவார்கள். வெறும் பைனாகுலரில் புள்ளியாகத் தெரிந்தது, ஸ்கோப்பில் வாலைத் தூக்கிக்கொண்டு மற்றொன்றின் முகத்தை நக்கும் ஓநாயாக மாறும்.

ஓநாய் தென்படாத நாளும் உண்டு. அன்றைக்கும் காட்டெருமை இருக்கும், அதை மட்டும் அரை மணி நேரம் பார்த்தாலே வந்த செலவுக்குத் தகும். தோளுக்கு மேலிருக்கும் அந்தத் திமில், நீண்ட எலும்புகள் தாங்கும் சதை. அந்த பலத்தில் தலையை இடமும் வலமுமாக வீசிப் பனியைத் தள்ளும். நெற்றி, தாடி, இமை எல்லாம் பனி அப்பி, மூக்கோரம் மூச்சுக்காற்று உறைந்து ஊசி ஊசியாகத் தொங்கும். மார்பளவு பள்ளம் பறித்து உள்ளே கிடக்கும் காய்ந்த புல்லை ஒரு வாய் கடித்துவிட்டு, ஓரடி நகர்ந்து மறுபடியும் தள்ளும். அந்த ஒரு வாய் புல்லுக்கு அது செலவிடும் உழைப்பைப் பார்த்தபிறகு, அதைப் படமெடுக்கக் கிட்டே போய் விரட்டுவது எவ்வளவு பெரிய கெடுதல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. விதியும் இருக்கிறது: காட்டெருமை, எல்க் போன்றவற்றிலிருந்து 25 கஜம், ஓநாய் கரடியிலிருந்து 100 கஜம் விலகி நிற்க வேண்டும்.

லமாரின் குறைகளையும் சொல்ல வேண்டும். மேமத்தைத் தாண்டினால் குக் சிட்டி வரை சாப்பாட்டுக் கடை கிடையாது. செல்போன் சிக்னலை நம்ப முடியாது. குக் சிட்டிக்கு அப்பால் பேர்டூத் மலைச் சாலை குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்பதால் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். பீச்சியடிக்கும் வெந்நீர் ஊற்றுகளும் இந்தப் பக்கம் இல்லை. நின்ற இடத்தில் மணிக்கணக்கில் காத்திருப்பதால் நடப்பவர்களைவிட அதிகமாகக் குளிரும். ஃபிளாஸ்கில் சூடாக ரசம் கொண்டுபோங்கள், காப்பியைவிட அது நன்றாகத் தாங்கும்.

அடுத்து ஸ்னோகோச். பெரிய, காற்று குறைவாக அடைத்த டயர்களோ பட்டைச் சங்கிலியோ பொருத்திய வேன் அல்லது பஸ். உள்ளே ஹீட்டர் உண்டு, ஓட்டுநரே வழிகாட்டி. வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து ஓல்டு ஃபெய்த்ஃபுல் 30 மைல், நிறுத்தி நிறுத்திப் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். வழியில் மேடிசன், ஃபயர்ஹோல் ஆறுகளில் வெந்நீர் கலப்பதால் தண்ணீர் உறையாமல் ஓடும். அன்னங்களையும் வெண்தலைக் கழுகையும் அங்கே பார்க்க வாய்ப்பு அதிகம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால், கையில் சின்னக் குழந்தை இருந்தால், வேறு யோசனையே வேண்டாம், இதுதான். குறை என்னவென்றால் நேரம் உங்கள் கையில் இல்லை. ஓட்டுநர் நிறுத்தினால் இறங்கலாம், கூப்பிட்டால் ஏறிவிட வேண்டும். ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை பீச்சும். கடுங்குளிர் நாளில் நீராவி அவ்வளவு அடர்த்தியாக எழும், தண்ணீர்த் தூணே அதற்குள் மறைந்துபோகும். ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புபவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

ஸ்னோமொபைலில் என்ன குறை? நியாயமாகச் சொன்னால், முன்பிருந்த நிலைமை இப்போது இல்லை. ஒருகாலத்தில் மேற்கு நுழைவாயிலில் புகை அவ்வளவு மோசமாக இருந்தது. 2002-இல் அங்கே பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் சுவாச முகமூடி போட்டுக்கொண்டு நின்றார்கள். நீண்ட வழக்குகளுக்குப் பிறகு 2013-இல் வந்த விதிகள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, புகையும் இரைச்சலும் குறைந்த வண்டிகளை மட்டும் அனுமதிக்கின்றன. பொதுவாக வழிகாட்டியோடுதான் போக வேண்டும். வழிகாட்டி நிறுவனம் இல்லாமல் நண்பர்களாகப் போவதற்கும் ஒரு குலுக்கல் முறை இருக்கிறது: ஒரு குழுவுக்கு ஐந்து வண்டிகள் வரை, ஒவ்வொரு நுழைவாயிலிலும் நாளுக்கு ஒரே குழு. ஓட்டுபவருக்கு டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம். எங்கே நிற்பது என்பதில் ஸ்னோகோச்சைவிடச் சுதந்திரம் கொஞ்சம் கூடுதல், அதை மறுக்கவில்லை.

ஆனால் வேக வரம்பு மணிக்கு 35 மைல். மைனஸ் 15 செல்சியஸ் நாளில் அந்த வேகத்தில் முகத்தில் அடிக்கும் காற்று மைனஸ் 30 போல உறைக்கும். ஹெல்மெட்டுக்குள் எஞ்சின் சத்தம், கண் முன்னால் போகும் வண்டியின் மேல், கவனம் கைப்பிடியின் மேல். ஓட்டும் ஆசைக்கு இது சரி, அந்த ஆசை உள்ளவர்களுக்கு வெஸ்ட் யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள தேசியக் காடுகளில் நீண்ட பாதைகள் உண்டு. காட்டைக் கேட்கவும் பார்க்கவும் வந்தவருக்கு இந்த வண்டி நடுவில் நிற்கிறது என்பது என் தீர்மானமான கருத்து. செலவும் ஸ்னோகோச்சைவிட அதிகமாகத்தான் வரும்.

ஸ்கீயும் ஸ்னோஷூவும் சோம்பலில்லாதவர்களுக்கு. வேண்டியது ஓல்டு ஃபெய்த்ஃபுல்லில் இரண்டு இரவு. அங்குள்ள ஸ்னோ லாட்ஜ் குளிர்காலத்திலும் திறந்திருக்கும், ஸ்னோகோச் அங்கேயே கொண்டுபோய் விடும், ஸ்கீயும் ஸ்னோஷூவும் வாடகைக்குக் கிடைக்கும். மாலையில் அன்றைய சுற்றுலா வண்டிகள் கிளம்பியபிறகு, கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கும் அந்த ஊற்றைச் சுற்றி விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் இருப்பார்கள். நீராவி வேண்டிய மட்டும் கலையும்வரை நின்று இரண்டாம் முறை, மூன்றாம் முறை பார்க்கலாம்.

கிராஸ் கன்ட்ரி ஸ்கீ தெரிந்தவர்களுக்கு லோன் ஸ்டார் ஊற்றுப் பாதை. லாட்ஜிலிருந்து போய்வர 9 மைல் வாக்கில், ஃபயர்ஹோல் ஆற்றை ஒட்டிப் பெரிய ஏற்றமில்லாமல் போகும். அந்த ஊற்று சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சும் என்பதால் காத்திருக்க நேரம் வைத்துக்கொண்டு போங்கள். ஸ்கீ பழக்கமே இல்லை என்றால் ஸ்னோஷூ போதும், நடக்கத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஸ்கீ ஓடும் இரட்டைத் தடத்தின் மேல் மட்டும் மிதிக்காமல் ஓரமாக நடக்க வேண்டும், மிதித்துக் கலைத்துவிட்டால் பின்னால் வருபவர் சறுக்க முடியாது. குறித்த பாதையை விட்டு விலகவே கூடாது. வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றித் தரை மெல்லிய ஓடுதான், அதன் மேல் பனி போர்த்தியிருந்தால் எது தரை, எது ஓடு என்று தெரியாது. செங்குத்தான சரிவுகளில் பனிச்சரிவு அபாயமும் உண்டு. இந்த இடம் ஏறக்குறைய ஊட்டியின் உயரம்தான், 2,240 மீட்டர். உடம்பு பழகாத முதல் நாள் மெதுவாகவே போங்கள்.

உடையில் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். ஊற்றுகளைச் சுற்றிப் போட்டிருக்கும் நடைபலகைகளில் பனி கண்ணாடியாக இறுகியிருக்கும், ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பற்கள் அவசியம்.

பழைய பயணக் கட்டுரைகளில் மேமத்துக்குப் பக்கத்திலுள்ள பாய்லிங் ரிவரில் குளித்ததாகப் படித்திருப்பீர்கள். 2022 ஜூன் வெள்ளத்துக்குப் பின் அது மூடிக்கிடக்கிறது. குளித்தே ஆக வேண்டும் என்றால் கார்டினருக்கு வடக்கே கார்வின் ஸ்பிரிங்ஸில் கட்டண வெந்நீர்க் குளம் இருக்கிறது.

ஐந்து நாள் கிடைத்தால் கார்டினரில் இரண்டு இரவு லமாருக்காக, மேமத்திலிருந்து ஸ்னோகோச் ஏறி ஓல்டு ஃபெய்த்ஃபுல்லில் இரண்டு இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஸ்னோ லாட்ஜ் அறையைப் பிடியுங்கள், அது கிடைத்த தேதிக்கு ஸ்னோகோச் இருக்கை, அதற்கப்புறம்தான் போஸ்மன் விமான நிலையத்துக்கு டிக்கெட். வாடகைக் கார் எடுக்கும்போது பனிக்கால டயர் போட்ட வண்டிதானா என்று கேட்டு, டயரையும் கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.