இடுவதா, பிணைப்பதா, பல பெறுமானங்களைத் தாங்குவதா?

யாழ்ப்பாணத்தில் தனியார் கல்வி நிலையம் ஒன்றுக்கு நேரசூசி தயாரிக்கும் செய்நிரலை முதலில் பைதனிலும், பின்னர் புரோலொக்கிலும், இறுதியாக எலிக்ஸிரிலும் என மூன்று நிரல் மொழிகளில் எழுதினேன். மாறி, அதாவது செய்நிரலில் ஒரு பெறுமானத்தைக் குறிக்கும் பெயர், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் இம்மூன்றும் வேறுபடுகின்றன. இப்போது அங்கே இயங்குவது பெரும்பாலும் எலிக்ஸிரில் எழுதியதே. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாறியை ஒரு பெட்டியாகக் கருதி, அதில் பெறுமானத்தை இட்டு வேண்டியபோது மாற்றும் வழக்கம் 1957 இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியிலிருந்தே இருக்கிறது. கற்பிக்க எளிது, வேகமும் உண்டு. பைதனின் சமன் குறி உண்மையில் பெயரைப் பொருளோடு, அதாவது நினைவகத்தில் உள்ள தரவோடு, பிணைக்கிறதே தவிர, எதையும் பெட்டிக்குள் இடுவதில்லை. எனினும் பட்டியல் போன்ற பொருள்களை இருந்த இடத்திலேயே மாற்றலாம் என்பதால் பெட்டியின் ஆபத்து அங்கேயும் தொடர்கிறது. தரம் 10 இன் சனிக்கிழமைப் பட்டியலைத் தரம் 11 க்கும் தொடக்கமாகக் கொள்ள எண்ணி ‘தரம்11 = தரம்10’ என்று எழுதினேன். பிரதி உருவாகவில்லை, ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் கிடைத்தன. தரம் 11 இன் கணித வகுப்பைப் பிற்பகலுக்குத் தள்ளியபோது தரம் 10 இன் வகுப்பும் சேர்ந்து நகர்ந்தது. காலை எட்டு மணிக்குச் சைக்கிளில் வந்த பிள்ளைகள் பூட்டிய வகுப்பறையின் முன் நின்றார்கள். வரியைத் திருத்த ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. அதைக் கண்டுபிடிக்கவோ, அந்தப் பட்டியலைத் தொடக்கூடிய சார்புகள் (செய்நிரலின் சிறு செயற்பகுதிகள்) அனைத்தையும் சந்தேகிக்க வேண்டியிருந்ததால், இரண்டு இரவுகள் சென்றன.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புச் சுமைதான். எர்லாங் என்ற மொழியில் ஒரு பெயர் ஒருமுறை பிணைந்தால் வேறு பெறுமானத்தை ஏற்காது. அதனால் ஒவ்வொரு படியின் விளைவுக்கும் நிலை1, நிலை2, நிலை3 என்று பெயர்கள் நீள, இடையில் ஒரு படியைச் செருகினால் பின்வரும் எண்களையெல்லாம் மாற்ற நேர்கிறது. எலிக்ஸிர் அதே பெயரை மறுபடி பிணைக்க விடுகிறது, ஆனால் பெறுமானத்தை மாற்ற விடுவதில்லை. எனவே பெயர் மாறலாமா என்பதைவிட, அதன் கீழுள்ள பெறுமானம் மாறலாமா என்பதே முதன்மையான கேள்வி என்று கருதுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கொன்ஸ்ட் என்ற சொல் பெயரை மட்டும் பூட்டி, உள்ளிருக்கும் அணியை (பெறுமானங்களின் வரிசையை) திறந்தே விடுவதை நினைத்தால் இது விளங்கும். எலிக்ஸிரில் ஒரு பாடவேளையைத் திருத்தினால் புதிய நேரசூசி கிடைக்கிறது, பழையதும் அப்படியே இருக்கிறது. சென்ற வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. எங்கள் தரவு சில நூறு வரிகள்தான். பெரிய எண் அணிகளை இவ்வாறு கையாண்ட அனுபவம் எனக்கில்லை.

1972 இல் மார்செய்யில் அலன் கொல்மெராவர் குழுவினர் உருவாக்கிய புரோலொக்கில் ஒரு மாறி பல பெறுமானங்களை ஒவ்வொன்றாக ஏற்றுப் பார்க்கும். நிபந்தனை பொருந்தாவிடின் பின்வாங்கி அடுத்ததை எடுக்கும். மோதலற்ற நேரங்களைத் தேடும் பகுதி வியக்கத்தக்க அளவு சுருங்கியது. ஆனால் பத்து ஆசிரியர்களுக்கு நான்கு நேரங்கள் வீதம் வைத்தாலே 10,48,576 சேர்க்கைகள் வரும். நிபந்தனைகளின் வரிசை பிசகினால் தேடல் முடியாமலே போகலாம். விடை இல்லாதபோது எந்த நிபந்தனை தடுத்தது என்பதையும் அது சொல்வதில்லை. மூன்று வாரங்கள் மட்டுமே அதனோடு பழகியதால், இது மொழியின் குறையா, என் பயிற்சியின் குறையா என்று தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். ஆசிரியர் ஒருவர் திடீரென வராதபோது மாற்று நேரம் தேடும் சிறு பகுதியை இன்னமும் புரோலொக்கிலேயே விட்டுவைத்திருக்கிறேன்.