ஸ்கிப் ஸ்டிச்: ஊசியை மாற்றுவதா, டைமிங்கில் கை வைப்பதா?

பனியன் துணி தைக்கும் சிங்கிள் நீடில் மிஷினில் நடுநடுவே தையல் விட்டுப்போனால் (இதுதான் ஸ்கிப் ஸ்டிச்), தையல் கம்பெனி லைனில் இரண்டு யோசனைகள் வரும். ஊசியை மாற்றலாம் என்பார் டெய்லர். மெக்கானிக் ஸ்குரூ டிரைவரோடு டைமிங், அதாவது ஊசியும் அதன் கீழே சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்கும் சந்திக்கும் நேரம், பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

என் ஓட்டு முதலில் ஊசிக்குத்தான். மாற்ற ஒரு நிமிடம் போதும், செலவும் சில ரூபாய்தான். கழற்றிய ஊசியின் முனையை நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கீறல் விழுந்தால் முனை மடங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி மேல் உருட்டினால் வளைவும் தெரிந்துவிடும். மெல்லிய பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசி, 65 அல்லது 75 சைஸ் சரியாக இருக்கும். மாட்டும்போது ஊசியின் நீளப் பள்ளம் இடப்பக்கம் இருக்கட்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஹூக் நூல் வளையத்தைத் தவறவிடும்.

டைமிங் அப்படி இல்லை. ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் எழும்போது, ஹூக்கின் முனை ஊசித்தண்டின் அகலத்துக்கு நடுவில், நூல் கோர்க்கும் ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். அவசரத்தில் பிசகினால் ஹூக் ஊசியில் உரசும், முனை தேயும், அப்புறம் நூலும் அறுந்துகொண்டே இருக்கும். நேற்று வரை நன்றாகத் தைத்த மிஷினில் டைமிங் அவ்வளவு எளிதில் நகராது.

ஆனால் ஊசி உடைந்து ஹூக்கில் சிக்கியிருந்தாலோ, சரியான புது ஊசி போட்டும் எல்லாத் துணியிலும் தையல் விட்டாலோ மெக்கானிக் சொல்வதுதான் சரி. ஸ்விட்சை அணைத்து, மோட்டார் நின்ற பிறகு அவர் ஹூக்கைத் தொடட்டும்.