பெங்களூர் அல்சூர் பக்கம் குழந்தைகளுக்கு ஓ.டி. தேடுகிறவர்களுக்கு

அல்சூர் ஏரியை ஒட்டிய தெருவில், மாடியில் இருக்கும் ஒரு சின்ன ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி., அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) சென்டரைப் பற்றி எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறு வயது. சட்டைப் பட்டன் போட வராது, அரைப் பக்கம் எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்பான், கல்யாண மண்டபத்து மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். முன்பு போன இன்னொரு இடத்தில் ஊஞ்சல், பெரிய பந்து, டிராம்போலின் எல்லாம் இருந்தன, பையனும் ஜோராக ஆடினான், ஆனால் இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் "சென்சரி இன்டகிரேஷன்" என்பதற்கு மேல் பதில் வராது.

இங்கே பதில் வருகிறது. வீட்டில் தினமும் எந்த வேலையில் சண்டை வருகிறது என்றுதான் தெரபிஸ்ட் மேடம் முதலில் கேட்டார். யூனிஃபார்ம் போடுவதில் என்றோம், அதையே முதல் இலக்காக எழுதிக்கொண்டார். சமநிலை, தொடு உணர்வு, தசையிலும் மூட்டிலும் இருந்து வரும் உணர்வு, இவற்றை மூளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் இருந்தால் கற்பதும் நடத்தையும் தடுமாறும் என்பது அமெரிக்க ஓ.டி. நிபுணர் ஜீன் ஏர்ஸ் 1960, 70-களில் வளர்த்த கோட்பாடு, சென்சரி இன்டகிரேஷன் என்பது இதைத்தான். அதைச் சொன்ன கையோடு, இதன்படி ஊஞ்சல், பந்து வைத்துச் செய்யும் சிகிச்சைக்கு ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012-லேயே டாக்டர்களுக்கு அறிவுறுத்தியதையும் மறைக்காமல் சொன்னார். அதனால் ஊஞ்சலோடு நிறுத்த மாட்டேன், பட்டன் வரவேண்டுமானால் பட்டனைத்தான் பழக்க வேண்டும் என்றார். இந்த நேர்மைக்காகவே நான் இங்கே தொடர்கிறேன்.

பழக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பட்டனைப் பாதிவரை ஓட்டைக்குள் நுழைத்துவிட்டு, "தம்பி, இப்ப இழு" என்று கடைசி இழுப்பை மட்டும் அவனிடம் விடுவார், முடித்தது அவன்தான் என்பதால் முகம் மலர்ந்துவிடும். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படியை விடுவார், இப்படியே பின்னாலிருந்து முன்னால். இப்போது நெஞ்சுப் பட்டன்களை அவனே போடுகிறான். கழுத்துப் பட்டன் இன்னும் வரவில்லை, அது கண்ணுக்குத் தெரியாது, விரலின் உணர்வை மட்டும் நம்பிப் போட வேண்டியது, அதனால் நாளாகும் என்று காரணத்தோடு சொல்கிறார்.

எழுத்துக்கும் இப்படித்தான், பென்சிலைத் தொடுவதற்கு முன் நாற்காலியைப் பார்த்தார். கால் தரையில் படாமல் தொங்கினால் உடம்பை நிமிர்த்தி வைப்பதிலேயே குழந்தையின் பலம் போய்விடுமாம், ஒரு பலகையைக் காலடியில் போடச் சொன்னார். வீட்டு வேலையாகக் கொடுத்தது சப்பாத்தி மாவு பிசைவது, முறுக்கு அச்சை அழுத்துவது. பாட்டிக்கு ஒரே சந்தோஷம்.

பயிற்சிக்கு வரும் ஓ.டி. படிப்பு மாணவர்களையும் இவர் விடுவதில்லை. "இதை ஏன் செய்யப் போற, இன்னிக்கு என்ன மாறணும்?" என்று குழந்தை உள்ளே வரும் முன்பே கேட்கிறார், பதில் சொல்லத் தெரியாவிட்டால் அந்த விளையாட்டுப் பொருள் அலமாரிக்குத் திரும்பிவிடும். படித்ததைக் கையில் கொண்டுவருவது எப்படி என்று அந்தப் பிள்ளைகள் இங்கே நிஜமாகவே கற்கிறார்கள்.

குறைகளும் உண்டு. கார் நிறுத்த இடமில்லை, காத்திருக்கும் அறை ரொம்பச் சின்னது, சத்தம் ஆகாத குழந்தைகளுக்கு அதுவே கஷ்டம். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான், ஆனால் தமிழிலும் கன்னடத்திலும் பொறுமையாக விளக்குகிறார். கட்டணம் குறைவில்லை, மாலை நேரம் கிடைப்பது அபூர்வம், அதனால் முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். அப்புறம், முதல் தடவை போகும்போது குழந்தையின் பள்ளி நோட்டையும் தினமும் போடும் சட்டையையும் எடுத்துப் போங்கள், அவற்றை வைத்துத்தான் ஆரம்பிப்பார்.