வைட்டமின்: சிரப்பா, மாத்திரையா?

மாத்திரையை விட டானிக்தான் உடம்பில் ஒட்டும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பல காலமாக இருந்து வருகிறது. இப்போது விற்பனைக்கு வரும் திரவ வைட்டமின்களின் விளம்பரங்களும் அதே நம்பிக்கையைத்தான் எண்களாக மாற்றிச் சொல்கின்றன: திரவம் 98 சதவீதம் உறிஞ்சப்படுகிறது, மாத்திரையோ பெரும்பாலும் வீணாகிறது என்று. மருந்தியலில் இந்தக் கணக்குக்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

மாத்திரை கரைய நேரமாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நேரம் மிகக் குறைவு. மேற்பூச்சு இல்லாத சாதாரண மாத்திரை, உடல் வெப்பத்தில் உள்ள நீரில் 15 நிமிடத்துக்குள் சிதைந்துவிட வேண்டும் என்பது இந்திய மருந்துத் தர விதி. மெல்லிய பூச்சு இருந்தால் 30 நிமிடம். வைட்டமின்கள் உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலில் என்பதால், இரைப்பையில் இந்த அரை மணி நேரம் முந்துவதால் சத்துக்குறைவு உள்ளவருக்குப் பெரிய லாபம் ஏதுமில்லை. எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதை முடிவு செய்பவை வேறு காரணிகள். பி12-ஐ எடுத்துக்கொண்டால், இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தின் துணையோடு ஒரு வேளைக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் அளவே உள்ளே செல்கிறது. அதற்கு மேல் உள்ளதில் ஏறக்குறைய 1 சதவீதம் மட்டுமே தானாகக் கசிந்து சேர்கிறது. இது சிரப்புக்கும் மாத்திரைக்கும் பொதுவான வரம்பு. ஏ, டி, ஈ, கே ஆகிய நான்கும் கொழுப்பில் கரைபவை என்பதால், எந்த வடிவில் இருந்தாலும் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவுக்குப் பின் எடுத்தால்தான் நன்கு சேரும். உடல் பருமனுக்காக இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் எந்த வடிவம் என்பது முக்கியமாகலாம். அதை அவர்களது மருத்துவர் சொல்வார்.

திரவம் வெல்லும் இடம் உறிஞ்சுதல் அல்ல, விழுங்குதல். பிறந்த குழந்தைக்கு முதல் ஓராண்டு நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் டி தர வேண்டும் என்று குழந்தை மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். அதற்குச் சொட்டு மருந்தைத் தவிர வேறு நடைமுறை வழி இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரசுத் திட்டத்தில் வாரம் இருமுறை தரப்படும் இரும்புச்சத்துச் சிரப்பில், 1 மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கும், மூக்கு வழியாகக் குழாய் பொருத்தப்பட்டவருக்கும் திரவமே கைகொடுக்கும். இத்தகையோருக்கு வீட்டில் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. குடலில் மட்டும் கரையும்படி பூச்சிட்டவற்றையும், மெல்ல மெல்ல மருந்தை வெளிவிடும் வகைகளையும் அப்படிப் பொடிக்கவே கூடாது.

எடைக்கேற்ப அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிவது திரவத்தின் மிகப் பெரிய வசதி. அதன் மிகப் பெரிய ஆபத்தும் அதுவே. கடையில் கிடைக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்துகளில் ஒன்றில் 1 மில்லிக்கு 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் 800 இருக்கும். இவற்றோடு 5 மில்லி கொண்ட சின்னஞ்சிறு குப்பியில் 60,000 யூனிட்டும் விற்கப்படுகிறது. அது வாரம் ஒருமுறை என்ற கணக்கில் பெரியவர்களுக்கு எழுதித் தரப்படுவது. சொட்டு மருந்து என்று நினைத்து இதைக் குழந்தைக்கு நாள்தோறும் ஊட்டிவிட்டால், இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சோர்வு என்று தொடங்கிச் சிறுநீரகம் வரை பாதிக்கும். டிராப்பர் தேவைக்கு மேல் கொள்ளளவு கொண்டிருந்தாலே குழந்தைக்கு மிகையளவு போய்விடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் எச்சரித்தது. 2001 நவம்பரில் அசாமில் நடந்த வைட்டமின் ஏ முகாமில், வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக 5 மில்லி அளவுக்கோப்பை பயன்படுத்தப்பட்டது. குழந்தைகள் பலர் நோயுற்றனர், மரணங்களும் பேசப்பட்டன, அவற்றுக்கு அந்த மருந்துதான் காரணமா என்பது சர்ச்சையாகவே நின்றது. பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இப்படி நேரும்போது, காப்பிக்குச் சர்க்கரை போடும் தேக்கரண்டியால் சிரப்பை அளக்கும் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. மாத்திரைக்கு இந்தத் தொல்லை கிடையாது: ஒன்று என்றால் ஒன்றுதான்.

அடுத்தது கெடாமல் இருப்பது. வைட்டமின் சி நீரில் கரைந்த நிலையில் காற்றுபட்டால் வேகமாகச் சிதையும். பி1, ஃபோலிக் அமிலம் ஆகியவையும் திரவத்தில் உறுதி குறைந்தவை. பி2 வெளிச்சத்தைத் தாங்காது, பழுப்பு நிறப் பாட்டில் அதற்காகத்தான். மாத்திரை அட்டையில் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடப்பட்டிருப்பதால் ஒன்றை எடுக்கும்போது மற்றவை காற்றைக் காண்பதில்லை. சிரப்போ ஒவ்வொரு முறையும் திறக்கப்படுகிறது. மூடியின் திருகில் வழிந்து உறைந்த பாகை எறும்பு மொய்க்க, சமையலறை அலமாரியில் அடுப்புச் சூட்டில் மாதக்கணக்கில் நிற்கிறது.

சிரப்பின் இனிப்பு பெரும்பாலும் சர்க்கரை; நீரிழிவு உள்ளவர்கள் லேபிளைப் படித்தே வாங்க வேண்டும். சர்க்கரை இல்லாதவற்றில் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அது சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். இரும்புச் சிரப் பல்லில் கறை ஏற்றும். இவற்றை விடக் கவலைக்குரியது கரைப்பான்களின் தரம். 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு கண்டறியப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்தனர். அது வைட்டமின் சிரப் அல்ல. ஆயினும் இந்த நச்சு கலந்துவிடக்கூடிய கிளிசரின், புரோபிலீன் கிளைகால் போன்ற கரைப்பான்கள் இரு வகைச் சிரப்புகளிலும் சேர்க்கப்படுபவை. மாத்திரைக்குப் பொதுவாக இவ்வளவு கரைப்பான் தேவைப்படுவதில்லை.

இதனால் மாத்திரை குற்றமற்றது என்று ஆகிவிடாது. பல சத்துகளை ஒன்றாக அடைத்த மாத்திரைகள் தொண்டையில் சிக்கும் அளவுக்குப் பெரியவை. பளபளப்பான இரும்புச்சத்து மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணிப் பிள்ளைகள் கைநிறைய விழுங்கினால் அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையில் வரும் குமட்டலும் மலச்சிக்கலும் பலரை இடையில் நிறுத்திவிடச் செய்கின்றன. அதே அளவு இரும்பைச் சிரப்பாகக் குடித்தாலும் அந்தத் தொல்லை பெரிதாகக் குறைவதில்லை.

என் தீர்ப்பு இது: விழுங்கத் தெரிந்த, விழுங்க முடிந்த எவருக்கும் மாத்திரையே போதும், விலையும் பெரும்பாலும் குறைவு. கைக்குழந்தைக்கும் விழுங்க இயலாதவருக்கும் திரவம் வாங்கும்போது, ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதைக் கடையிலேயே மருத்துவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, பாட்டிலோடு வரும் டிராப்பரையோ அளவுக்கோப்பையையோ மட்டும் பயன்படுத்தி, திறந்த தேதியை லேபிளின் மேல் பேனாவால் எழுதி வைக்க வேண்டும்.