சிஎஸ்இஎஸ் ப்ராப்ளம் செட்: விடை சொல்லாமல் சொல்லிக்கொடுக்கும் தளம்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடம் முடித்துவிட்டு, "சரி, இனி எதில் பழகுவது?" என்று கேட்கும் ஜூனியர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் சிஎஸ்இஎஸ் ப்ராப்ளம் செட், புரோகிராம் எழுதிப் பழகுவதற்கான இணையதளம். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் அன்ட்டி லாக்சோனன் உருவாக்கியது. மொத்தம் 400 கணக்குகள், எல்லாமே இலவசம்.

பார்க்க அழகாக இருக்காது. பகுதித் தலைப்புகள், அவற்றின் கீழே கணக்குகளின் பெயர்கள், பக்கத்தில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை, அவ்வளவுதான். 'எளிது', 'கடினம்' என்ற முத்திரை எதன் மீதும் இல்லை. 'நமக்கு இது வராது' என்று முன்கூட்டியே பயப்படுவதற்கு வழியே இல்லாததால், அந்த மௌனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் எண் தருவார்கள். இரட்டைப்படை என்றால் இரண்டால் வகுக்க வேண்டும். ஒற்றைப்படை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும். 1 வரும்வரை இதையே செய்ய வேண்டும். முதல் வருட மாணவர் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடுவார். சாதாரண இன்ட் (முழு எண் வகை) போட்டு அனுப்பினால், தளம் ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்களில் (சோதனை உள்ளீடுகளில்) சில மட்டும் தோற்றுச் சிவப்பில் நிற்கும். உதாரணமாக, 113383-இல் தொடங்கினால் போகிற வழியில் எண் 248 கோடியைத் தாண்டிவிடும். 32 பிட் இன்ட்டுக்குள் 214 கோடி சொச்சம்தான் அடங்கும். ஓவர்ஃப்ளோ (எண் தனக்கான இடத்தில் அடங்காமல் வழிவது) என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் எத்தனை பத்தி படித்தாலும் இந்த ஒரு கணக்கு பதிய வைப்பதுபோல் பதியாது.

இங்கே இந்தத் தளத்தின் பெரிய பலத்தைச் சொல்ல வேண்டும். கோடு (நாம் எழுதிய புரோகிராம்) தோற்றால் எந்த டெஸ்டில் தோற்றது, அதன் உள்ளீடு என்ன, சரியான விடை என்ன, நம் கோடு என்ன சொன்னது என்று எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். "தவறான விடை" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு இருட்டில் தடவ வேண்டியதில்லை. தனியாகப் படிக்கிறவர்களுக்கு, பக்கத்தில் கேட்க ஆள் இல்லாதவர்களுக்கு, இது பெரிய உதவி.

கணக்குகளில் தரும் வரம்புகளும் பாடம்தான். ஆப்பிள்களை இரண்டு குவியலாகப் பிரிக்கும் கணக்கில் அதிகபட்சம் 20 ஆப்பிள். எல்லா வழிகளையும் முயன்றாலும் பத்து லட்சம் சொச்சம்தான், தைரியமாக முயலலாம். நீளமான ஏறுவரிசையைக் கண்டுபிடிக்கும் கணக்கில் 2 லட்சம் எண்கள் வரை வரும். லூப்புக்குள் லூப் போட்டால் சுமார் 2000 கோடி ஒப்பீடு. ஒரு நொடிக்குள் முடியுமா? முடியாது. எழுதத் தொடங்கும் முன்பே வரம்பைப் பார்த்துக் கணக்குப் போடும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் டைனமிக் புரோகிராமிங் (சிறு கணக்குகளின் விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டும் முறை) பகுதியில் வரும் இரண்டு காயின் கணக்குகள். 2, 3, 5 என்ற நாணயங்களால் 9 சேர்க்க எத்தனை வழி என்று எண்ண வேண்டும். முதல் கணக்கில் வரிசை மாறினால் வேறு வழி, அதனால் விடை 8. இரண்டாவதில் வரிசை பொருட்டில்லை, விடை 3. இரண்டுக்கும் கோடு கிட்டத்தட்ட ஒன்றேதான். வெளி லூப்பில் தொகை, உள் லூப்பில் நாணயம் என்றால் 8 வரும். அதையே மாற்றி, நாணயத்தை வெளியே வைத்தால் 3. ஏன் இப்படி? ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை வழி என்று குறிக்கும் அரேயை (பட்டியலை) இரண்டு விதமாகவும் கையால் நிரப்பிப் பாருங்கள். நாணயத்தை வெளியே வைக்கும்போது 2 எல்லாம் முடிந்த பிறகுதான் 3 வருகிறது. அதனால் '3, 2, 2, 2' என்ற வரிசை உருவாகவே வாய்ப்பில்லை. இதைப் புரிந்துகொண்டவருக்கு அப்புறம் நாப்சாக் (பைக்குள் பொருள்களை அடக்கும் கணக்கு வகை) பயமுறுத்தாது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் உண்மையான ஆசிரியர்.

சார்ட்டிங் (வரிசைப்படுத்தல்) பகுதியில், எத்தனை வேறுபட்ட எண்கள் இருக்கின்றன என்று கேட்கும் கணக்கும் அப்படித்தான். சி பிளஸ் பிளஸ்ஸில் அன்ஆர்டர்டு செட் (ஹேஷிங் மூலம் எண்களைப் பக்கெட்டுகளாகப் பிரித்துச் சேமிக்கும் வகை) போட்டால் நேரம் போதாமல் விழும். எல்லா எண்களும் ஒரே பக்கெட்டில் மோதும்படி டெஸ்ட்கள் இருக்கின்றன. சார்ட் செய்து எண்ணினால் பாஸ். ஹேஷிங்கின் சராசரி நேரம் வேறு, மோசமான நேரம் வேறு என்பதை நேரில் பார்க்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தளத்தின் சொந்த விளக்கவுரை எதுவும் கிடையாது. லாக்சோனன் எழுதிய போட்டி நிரலாக்கக் கையேடு இலவச பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. பகுதிகளுக்கு வேண்டிய அடிப்படை அதில் இருக்கிறது. அடுத்தது, பகுதித் தலைப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. டைனமிக் புரோகிராமிங் என்ற தலைப்பின் கீழே இருக்கும் கணக்கை டைனமிக் புரோகிராமிங்தான் என்று கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஆனால் நேர்முகத் தேர்விலும் போட்டியிலும் அதைக் கண்டுபிடிப்பதுதானே பாதி வேலை! அதற்கு கோட்ஃபோர்சஸ் என்ற போட்டித் தளத்தின் பழைய போட்டிகளை, டேக் (கணக்கின் வகையைச் சொல்லும் குறிப்பு) பார்க்காமல், கூடவே போட்டுவர வேண்டும். வேலைக்கு மட்டும் தயாராகிறீர்கள் என்றால் லிங்க்டு லிஸ்ட் வகைக் கேள்விகளுக்கு லீட்கோட் என்ற நேர்முகத் தேர்வுப் பயிற்சித் தளத்தின் பக்கம் போகாமல் முடியாது.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காயின் கணக்கு 10 கோடி படிகள் வரை போகும், சாதாரண பைத்தான் தாங்காது. பைபை (பைத்தானை வேகமாக ஓட்டும் வடிவம்) தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது, ஆனாலும் மூச்சு வாங்கும். வாய்ப்பிருந்தால் சி பிளஸ் பிளஸ் கற்றுக்கொண்டு வாருங்கள்.

முதல் பகுதிக்கு 'அறிமுகம்' என்று பெயர் இருப்பதால் அதில் உள்ள எல்லாமே சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். 7-க்கு 7 கட்டத்தில் மேல் இடது மூலையிலிருந்து கீழ் இடது மூலைக்கு, எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை தொட்டுப் போகும் பாதைகளை எண்ணும் கணக்கு அங்கேதான் இருக்கிறது. மொத்தப் பாதைகள் 88,418தான், ஆனால் முட்டுச்சந்துகளை முன்கூட்டியே வெட்டாவிட்டால் நேரத்துக்குள் முடியாது. நல்ல மாணவர்கள் அதில் சிக்கி, தளத்தையே மூடிவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதைத் தாண்டி சார்ட்டிங் பகுதிக்குப் போங்கள், பிறகு டைனமிக் புரோகிராமிங், பிறகு கிராஃப். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) கைக்கு வந்த பிறகு அந்தக் கட்டக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம்.